பாதம்: சகோதரர் தனசிங்

சிங்கப்பூர் டேக்கா சந்தையில் மீன் வெட்டுகிறவனின் காலைப் பார்த்து யார் கண்ணீர் விடுவார்கள்? என் மனைவி கமலா விட்டிருக்கிறாள், அது நாற்றம் தாங்காமல். ஆனால் இந்தக் காலுக்கு முன்னால் பதினான்கு போதகர்கள் வரிசையில் வந்து மண்டியிட்டு விம்மி விம்மி அழுதார்கள். நம்பாவிட்டால் போங்கள். எங்கள் சபையின் யூடியூபில் அத்தனையும் கிடக்கிறது.

என் பெயர் தனசிங். போதகன் கீதகன் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கடையில் வெட்டு முடிந்ததும் குளித்துவிட்டுப் பிற்பகலில் தீவின் மேற்குக் கோடியிலுள்ள துவாஸுக்குப் போவேன். அங்கே வெளிநாட்டு ஊழியர் விடுதியில், கேன்டீனை ஒட்டிய ஓர் அறையில் ஆறு தம்பிகள் காத்திருப்பார்கள். வேதத்தில் ஒரு பகுதியை வாசிப்போம். நான் நாலு வார்த்தை சொல்வேன். அப்புறம் ஆளுக்கொருவராக மனசில் பட்டதைப் பேசுவார்கள். வடை, டீ. அவ்வளவுதான் வகுப்பு.

இருதயராஜ் மட்டும் பேச மாட்டான். கப்பல் பட்டறையில் வெல்டர். முறை வந்தால் தலையை ஆட்டிப் பக்கத்து ஆளைக் காட்டிவிடுவான். திக்குவாய். ஒரு நாள் வகுப்பு முடிந்து பஸ் நிறுத்தம்வரை கூடவே நடந்து வந்தான்.

"அண்ணே, ஊ... ஊருக்குப் போறேன். மொத்தமா. இன்னும் ரெண்டு மாசம்."

"நல்லதுதானேடா. பிள்ளையைப் பாக்கலாம்."

அவன் இங்கே வந்த பிறகு பிறந்த பிள்ளை. இன்னும் நேரில் பார்த்ததில்லை. அப்பன் வரட்டும் என்று ஞானஸ்நானத்தைக்கூடத் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

"அதுதாண்ணே ப... பயம். கோயில்ல சாமியார் கேள்வி கேப்பாரு. அப்பன் சத்தமா ப... பதில் சொல்லணும். திக்குனா ஊரே சிரிக்கும். பிள்ளை முன்னாடி. அதுக்கு முன்னாடி இங்க நம்ம ஆளுங்க முன்னாடி ஒரு தடவை பே... பேசிப் பாத்துக்கிறேன். கடைசி ஞாயிறு. நீங்க இருக்கணும்."

"இருக்கேன்டா," என்றேன். அதற்கென்ன, வாரா வாரம் போகிற இடம்தானே என்று நினைத்தேன்.

அந்த விடுதியில் அறை தரவேண்டுமென்றால் ஆண்டுக்கொரு முறை சபையிலிருந்து ஒரு கடிதம் கேட்பார்கள். எங்கள் சபை சிராங்கூன் ரோட்டுக்குப் பின்சந்தில், ஒரு மளிகைக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. கடிதம் வாங்கப் போனேன். அலுவலகத்தில் சகோதரி பியூலா கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"ரூல் மாறிடுச்சு பிரதர். போதிக்கிறவங்க எல்லாருக்கும் இப்ப தாழ்மைச் சான்றிதழ் கம்பல்சரி லா."

"என்ன சான்றிதழ்?"

"தாழ்மை. ஹியூமிலிட்டி. நம்ம ரெவரெண்ட் புதுசா ஆரம்பிச்சிருக்கிற ஊழியர் தாழ்மைக் கழகம். எட்டு வாரம். சண்டே டூ டு சிக்ஸ்."

"சிஸ்டர், எனக்கு நாலு மணிக்குத் துவாஸ்ல வகுப்பு."

"அதனாலதான் பிரதர் அது தியாகம்," என்று சொல்லி என் பெயரைச் சேர்த்துவிட்டார். நான் சேருகிறேன் என்று சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

முதல் நாள் சரியான நேரத்துக்குப் போனேன். மண்டபத்தின் முன்வரிசைகள் காலி. கடைசி வரிசையில் அடிதடி. கோட்டும் டையும் போட்ட போதகர்கள், "நீங்க முன்னாடி போங்க பாஸ்டர்", "ஐயோ, நான் அதற்குப் பாத்திரன் அல்ல, நீங்க போங்க" என்று ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டிருந்தார்கள். விவரம் தெரிந்தவர்கள் காலை ஆராதனைக்கு முன்பே வந்து கடைசி நாற்காலியில் வேதாகமத்தைப் போட்டு இடம் பிடித்திருந்தார்கள். முன்வரிசை காலியாகத் தெரிந்தால் நேரலையில் நன்றாக இருக்காதே என்று கேமராவைத் திருப்பி வைத்தார்கள். அன்றிலிருந்து கடைசி வரிசைதான் முன்வரிசை. நான் தெரியாத்தனமாக மேடைக்கு எதிரே போய் உட்கார்ந்து, எல்லாருக்கும் பின்னால் ஆகிவிட்டேன். அதைக் கண்டு இரண்டு பேர் என்னை முறைத்தார்கள்.

கழகத் தலைவர் ரெவரெண்ட் டாக்டர் எபனேசர் பொன்னையா மேடைக்கு வந்தார். அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் கையை உயர்த்தி மறுத்தார். மடித்து எடுத்துப் போனார்கள். அடுத்தவருக்குப் போர்த்தினார்கள், அவரும் மறுத்தார். மறுப்பதற்கென்றே கழகம் நல்ல சரிகையாக ஒரு பொன்னாடை வாங்கி வைத்திருக்கிறது. ஒவ்வொரு மறுப்புக்கும் கைதட்டல். "கைதட்ட வேண்டாம்," என்று தலைவர் சொல்லுவார். சொல்லிவிட்டு, தட்டி முடிக்கும்வரை பொறுமையாக நிற்பார்.

"பிரியமானவர்களே," என்று ஆரம்பித்தார். "தாழ்மையில் என்னைவிடச் சிறந்த ஒருவரைக் கண்டுபிடித்து அவர் காலடியில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் வாஞ்சை. இந்தத் தீவு முழுவதும் தேடினேன். மலேசியாவிலும் தேடினேன். கிடைக்கவில்லை. இதைச் சொல்லும்போது எனக்கே வேதனையாக இருக்கிறது. வேறு வழியில்லாமல் நானே தலைவராக வேண்டியதாயிற்று. என் தாழ்மையைப் பற்றி நான் எங்கும் சொல்லிக்கொள்வதில்லை. உங்களில் பலர் போன வாரம் ஜோகூரில் நான் பேசியபோதே இதைக் கேட்டிருப்பீர்கள்."

பிறகு கால் கழுவும் பயிற்சி. பிளாஸ்டிக் பேசின், சுடுதண்ணீர், டெட்டால், வெள்ளைத் துண்டு எல்லாம் வந்தன. ஒரு நாற்காலியும் வந்தது. அங்கேதான் சிக்கல். கழுவுவதற்குப் பதினான்கு பேர் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். காலைக் காட்ட ஒருவரும் இல்லை. நாற்காலியில் உட்காருகிறவன் எஜமான், மண்டியிடுகிறவன் தாழ்மையுள்ளவன். எஜமானாக இருந்து மார்க் இழக்க யாருக்குப் பைத்தியமா?

தலைவரின் பார்வை என் செருப்பில் விழுந்தது.

"சகோதரர் என்ன தொழில்?"

"டேக்காவுல மீன் வெட்டுறேன் ஐயா."

மண்டபத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. "கழற்றுங்கள்," என்றார் அவர். கழற்றினேன். நாள் முழுக்க ரப்பர் பூட்ஸுக்குள் ஊறுகிற கால். விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண், குதிகாலில் பித்தவெடிப்பு, நகத்தில் ஒரு செதில் வேறு ஒட்டிக்கொண்டிருந்தது. கடைசி வரிசையிலிருந்து யாரோ "அல்லேலூயா!" என்று கத்தினார்.

அன்று பதினான்கு பேரும் கழுவினார்கள், கட்டிக்கொண்டு அழுதார்கள், ஆளுக்கு இரண்டு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எனக்கு ஒரே கூச்சம். அடுத்த வாரம் என் முறை வரும், நானும் யார் காலையாவது கழுவிவிட்டுச் சான்றிதழோடு போய்விடலாம் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு வாசலில் பணிப் பட்டியல் ஒட்டியிருந்தது. வரவேற்பு: சகோதரி இன்னார். ஒலிபெருக்கி: சகோதரர் இன்னார். பாதம்: சகோதரர் தனசிங். அதற்கடுத்த வாரமும் பாதம் தனசிங்தான். கூட்டத்துக்கு வருகிறவர்கள் என் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். "பாதம் வந்தாச்சா?" என்று கேட்பார்கள். "வந்தாச்சு, பாத்ரூம் போயிருக்கு," என்று பதில் வரும்.

மூன்றாம் வாரம் ஒரு தகராறு. எந்தக் கால் தாழ்ந்தது என்று. நம் வழக்கத்தில் வலது கால்தானே முந்தி? வலது காலை எடுத்து வைத்து வா என்கிறோம். அப்படியானால் இடது காலைக் கழுவுகிறவன்தானே அதிகத் தாழ்மையுள்ளவன்? அவ்வளவுதான், எல்லாரும் இடது காலுக்குப் பாய்ந்தார்கள். பிறகு மூத்த போதகர்களுக்கு மட்டுமே இடது கால் என்று தீர்மானம் போட்டார்கள். இடது கால் சுண்டுவிரல் தலைவருக்கு ஒதுக்கப்பட்டது. இளைய போதகர்கள் வலது காலைக் கழுவ மறுத்து வெளிநடப்புச் செய்தார்கள். பாவம் என் வலது கால், பல வாரம் ஒரு சொட்டுத் தண்ணீர் காணவில்லை. இடது காலோ கழுவிக் கழுவித் தோல் உரிந்து நெத்திலிக் கருவாடு மாதிரி ஆகிவிட்டது.

டெட்டால் பட்டுப் பட்டு சேற்றுப்புண் ஆறிப்போனது இன்னொரு வினை. சகோதரி பியூலா குனிந்து பார்த்து முகம் சுளித்தார்.

"என்ன பிரதர், கிரீம் கிரீம் ஏதாச்சும் போடுறீங்களா? குவாலிட்டி இறங்கிடுச்சு லா. போன வாரம் அழுதவங்க பாதிப் பேருக்கு இன்னைக்குக் கண்ணீர் வரல."

"அப்ப என்னை விட்டுடுங்க சிஸ்டர்."

"அப்படியெல்லாம் பேசாதீங்க. ரெண்டு நாள் சாக்ஸ் இல்லாம பூட்ஸ் போட்டுப் பாருங்க, வந்துடும்."

பாதி வழியில் மதிப்பீடு நடந்தது. எனக்கு எதிரே பியூலா, நடுவில் தலைவர். "சகோதரர் தனசிங், பெருமை அதிகம், தேறவில்லை," என்று வாசித்தார் பியூலா. எனக்குச் சுருக்கென்றது.

"பெருமையா? நான் என்ன சிஸ்டர் பண்ணினேன்?"

"வாரா வாரம் தேவ ஊழியர்கள் தரையில மண்டி போடுறாங்க. நீங்க மட்டும் ஜாலியா நாற்காலியில உக்காந்திருக்கீங்க. வீடியோ பாருங்க."

"நீங்கதானே உக்காரச் சொன்னீங்க!"

"சொன்னோம். நீங்க எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லலையே. ஒருத்தர் கால்லயாவது விழுந்தீங்களா?"

"போன வாரம் எழுந்தேன் சிஸ்டர். நாலு பேர் அமுக்கி உக்கார வச்சாங்க."

தலைவர் கனிவோடு குறுக்கிட்டார். "அதுவும் என் கவனத்துக்கு வந்தது. ஊழியர் செய்யும் சேவையை ஏற்க மறுத்து எழுவது பெருமையிலேயே மோசமான பெருமை, சகோதரரே. எழுந்ததற்குப் பத்து மதிப்பெண் கழிக்கப்பட்டிருக்கிறது. உட்கார்ந்திருந்ததற்குப் பத்து."

"ஐயா, நான் இதை விட்டுப் போயிடுறேன். எனக்குச் சான்றிதழே வேண்டாம்."

"சான்றிதழ் வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு உங்களுக்கு ஆணவமா?" என்று கேட்டுவிட்டு அவர் கண்ணை மூடி எனக்காக ஜெபித்தார். நீண்ட ஜெபம். நடுவில் எழுந்து போகவும் முடியவில்லை.

வீட்டுக்கு வந்து கமலாவிடம் சொன்னேன். "உங்களுக்கு வேணும். வீட்டுல ஒரு நாள் நானாச்சும் உங்க காலைப் புடிச்சு விட்டிருக்கேனா? அங்க போயி மகாராஜா மாதிரி உக்காந்துட்டு அழுவாதீங்க," என்றாள்.

துவாஸிலிருந்து போன் வந்தது. கடிதம் இல்லாததால் அறையைப் பூட்டிவிட்டார்களாம்.

"பரவால்லண்ணே," என்றான் இருதயராஜ். "வெளிய மர... மரத்தடியில உக்காந்துக்கிறோம். நீங்க கடைசி ஞாயிறு மட்டும் வந்துருங்க. செவ்வாய்க்கிழமை பிளைட். அஞ்சு மணிக்குப் பே... பேசுறேன்."

அந்தக் கடைசி ஞாயிறுதான் கழகத்தின் பட்டமளிப்பு விழா. வேறு நாளே கிடைக்கவில்லை அவர்களுக்கு.

விழாவுக்கு முன்பே தலைவரைத் தனியாகப் பிடித்தேன். "ஐயா, ஒரே ஒரு மணி நேரம் முன்னாடி விட்டுடுங்க. ஒரு தம்பி முதல் தடவையா வாயைத் திறந்து பேசப் போறான். வாக்குக் கொடுத்திருக்கேன்."

"போய்?"

"போய்... கேக்கணும் ஐயா."

"கேட்பதற்கா?" அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. "சகோதரரே, முப்பது வருட ஊழியத்தில் நான் ஒருவர் பேசுவதைக் கேட்கப் போனதே இல்லை. பேசத்தான் போயிருக்கிறேன். இன்று மலேசியாவின் கிள்ளானிலிருந்து பிரதம விருந்தினர் வருகிறார். உங்கள் இடது பாதம் அவருக்கு வாக்களிக்கப்பட்டுவிட்டது."

என் செருப்பைப் பாதரட்சைப் பொறுப்பாளர் என்று ஒருவர் வாங்கி எங்கோ கொண்டுபோய் வைத்தார். மேடை நடுவில் நாற்காலி. இடமும் வலமும் ரோஜாமாலை சுற்றிய பேசின்கள். உட்கார்ந்தேன். எதிர்ச்சுவரில் கடிகாரம்.  பிரதம விருந்தினர் தன் தாழ்மையின் வரலாற்றைப் பாலர் பள்ளியிலிருந்து ஆரம்பித்தார். அவர் நடுநிலைப் பள்ளிக்கு வருவதற்குள் மணி நான்காகப் போகிறது. பொறுக்க முடியவில்லை. தண்ணீரிலிருந்து காலை உருவி, நாற்காலியை விட்டு மெல்லச் சறுக்கித் தரையில் உட்கார்ந்தேன். அப்படியே தவழ்ந்து திரைக்குப் பின்னால் போய்விடலாம் என்பது என் கணக்கு.

"பாருங்கள்!" என்று தலைவர் மைக்கில் அலறினார். "பாதம் தரைக்கு இறங்கிவிட்டது! சபையே, இதுவல்லவா தாழ்மை!"

என்னைவிடத் தாழ்ந்தவர்களாக அவர்கள் இருக்க வேண்டாமா? விருந்தினர் உடனே என் பக்கத்தில் சம்மணம் போட்டார். அதைப் பார்த்த தலைவர் குப்புறப் படுத்தார். விருந்தினர் விடுவாரா? அவரும் படுத்து, நெற்றியைக் கம்பளத்தில் தேய்த்தார். பதினான்கு போதகர்களும் கடைசி வரிசையிலிருந்து ஓடிவந்து இடம் கிடைத்த பக்கமெல்லாம் விழுந்தார்கள். "கொஞ்சம் தள்ளுங்க பாஸ்டர், எனக்குக் கீழ இடமில்ல," என்று ஒரு குரல். ஒருவர் அடியில் ஒருவர் நுழையப் பார்த்தார்கள். மேடையிலிருந்து வாசல்வரை ஒரே வெள்ளை அங்கியும் கறுப்புக் கோட்டும். கால் வைக்க இடமில்லை.

"யாரும் எழக் கூடாது!" சட்டையில் மாட்டிய மைக் வழியாகத் தலைவரின் குரல் கம்பளத்துக்குள்ளிருந்து வந்தது. "முதலில் எழுகிறவன் பெருமைக்காரன்! கேமரா... கேமராவைக் கொஞ்சம் இறக்குங்கள்!"

ஒருவரும் எழவில்லை. எழப்போவதும் இல்லை. நானும் அவர்கள் நடுவில் உட்கார்ந்திருந்தேன். படுத்திருப்பவரைத் தாண்டக் கூடாது, தாண்டினால் வளர்த்தி நின்றுவிடும் என்று சின்ன வயதிலிருந்தே சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அதிலும் இவர்கள் தேவ ஊழியர்கள். துவாஸுக்கு எப்படியும் ஒரு மணி நேரப் பயணம். இருதயராஜ் எழுந்து நின்று, ரோட்டைப் பார்த்து, நான் இல்லை என்று மறுபடியும் உட்கார்ந்துவிடுவானே! 

இவர்கள் இனிமேல் வளர்ந்து என்ன ஆகப் போகிறது என்று தோன்றியது. எழுந்தேன். வேட்டியை மடித்துக் கட்டினேன். முதலில் விருந்தினரைத் தாண்டினேன். அப்புறம் தலைவரை. இரண்டு பேர் நெருக்கமாகக் கிடந்த இடத்தில் ஈரக்கால் ஒரு வெள்ளை அங்கியின் முதுகில் பட்டுவிட்டது. "ஸ்தோத்திரம்," என்று அவர் முனகினார். வாசலில் பியூலா மட்டும் நின்றிருந்தார்.

"போனா சான்றிதழ் கிடையாது பிரதர். லெட்டரும் லைஃப்ல கிடையாது."

"சரி சிஸ்டர்," என்றேன். செருப்பு எங்கே என்று கேட்க நேரமில்லை.

வெறுங்காலோடு எம்ஆர்டி ரயிலில் நின்றேன். ஒரு கால் வெளுப்பு, ஒரு கால் கறுப்பு. பக்கத்திலிருந்த ஒரு பெண் தன் பிள்ளையை அருகே இழுத்துக்கொண்டாள். துவாஸில் இறங்கி, பஸ் பிடித்து, சுடுகிற தார் ரோட்டில் ஓடினேன். மணி ஐந்து தாண்டிவிட்டது.

விடுதி வேலிக்கு வெளியே, புல்தரையில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். அதன் அடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆறு பேர் இல்லை, இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். இருதயராஜ் என்னைப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி நின்று பேசிக்கொண்டிருந்தான்.

"என் மவனுக்கு அப்பன்னா அது போனுதான். வீட்டுல யார் போனை எடுத்தாலும் அப்பா அப்பான்னு அதைத் தடவுறான். நான் போய் நின்னா இது யாருன்னுதான் பாப்பான். நான் என்ன பண்ணுவேன்னு யோசிச்சேன். போனை ஒளிச்சு வச்சுட்டு, பேசாம அவன் பக்கத்துல உக்காந்திருப்பேன். அவனா வந்து தொடுற வரைக்கும்."

ஒரு திக்கல் இல்லை. ஒன்றுகூட இல்லை! எனக்குக் கண் கலங்கிவிட்டது. எப்படியும் வந்துவிட்டேன் என்று அவனுக்குக் காட்ட வேண்டுமே என்று முன்னால் போய் நின்று கையை ஆட்டினேன்.

அவன் என்னைப் பார்த்தான்.

"அ... அ... அண்..."

தாடை இறுகியது. கழுத்து நரம்பு புடைத்தது. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். வழக்கம்போல அந்த வார்த்தையை எடுத்துக் கொடுக்க என் வாய் தானாகத் திறந்தது. மூன்று வருஷமாக அவன் திக்கும்போதெல்லாம் நான் அப்படித்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறேன், உபகாரம் என்று நினைத்து. இவன் இத்தனை வாரமும் இந்த மரத்தடியில் பேசிப் பழகியிருக்கிறான். நான் இல்லாமல் இருந்ததால் பழகியிருக்கிறான். அது புரிந்ததும் வெட்கமாக இருந்தது, கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

சட்டென்று மரத்துக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டேன்.

"டேய், நான் இன்னும் வரலடா," என்று அங்கிருந்தே கத்தினேன். "வழியிலதான் இருக்கேன். நீ பேசு."

யாரோ சிரித்தார்கள். அவனும் சிரித்த சத்தம் கேட்டது. அப்புறம் ரோட்டில் ஒரு லாரி போனது. "அவனா வந்து தொட்டான்னா," என்று அவன் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தான். பேச்சு தங்குதடையில்லாமல் ஓடியது. மரத்தடியில் கட்டெறும்புப் புற்று இருந்ததை நான் கவனிக்கவில்லை. இரண்டு காலிலும் ஏறிக் கடித்தது. அவன் முடிக்கும்வரை நான் அசையவில்லை.